கண்ணை மூடிக் கை தூக்கியவர்கள்

கோவில்பதாகையில் ஒரு வண்டிக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கூடத்தில், ஒரு சனிக்கிழமை காலை, நான் கைகளை எண்ணினேன். எண்ணியதைத் தலைகீழாக மாற்றிச் சொன்னேன். அதனால் அஞ்சலை என்ற பெண்ணின் படிப்பு நின்றது.

நான் செய்தது இதுதான். இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்ல விதமாகவே எழுதி வந்திருக்கிறேன். 'உங்கள் பிள்ளைப் பருவம் கொடுத்துவைத்த ஒன்று' என்று ஒரு வாசகர் போன வாரம் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு இதைத் தள்ளிப்போட முடியவில்லை.

அந்தக் காலை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்து, கண்ணை மூடியிருந்தார்கள். டீச்சரம்மாவும் அப்படியே. கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான். சபைத் தலைவனுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு.

ஓலை இடுக்கு வழியாக வெயில் விழுந்து, பிள்ளைகளின் முதுகில் வட்ட வட்டமாகக் கிடந்தது. வைக்கோலும் வண்டி மையும் சேர்ந்த வாடை. ஆவடிப் பக்கம் ஒரு மிலிட்டரி லாரி மேட்டில் ஏற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. பிறகு கைகள் எழுந்தன.

அவை எதற்காக எழுந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டணம் காலியான கோடை

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை காலியான கோடை அது. அப்பாவுக்கு ஆபீஸை விட்டு வர முடியாது. அம்மாவையும் என்னையும் ஆவடிக்கு ரயிலேற்றினார். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. அம்மா அம்மிக் குழவியைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மி வீட்டிலேயே இருந்தது. குழவி மட்டும் பிழைத்து என்ன செய்யப்போகிறது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

கோவில்பதாகையில், கோவிந்தன் என்ற பையனின் வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கு ஒரு அறை கிடைத்தது. அவன் தந்தைக்கு ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

பட்டணத்திலிருந்து அப்படி வந்தவர்களில் லோகாம்பாள் என்பவரும் ஒருவர். பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது. நோயாளியான தகப்பனாரோடு வந்திருந்தார். பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் நாள் முழுக்க ஏரிக்கரையில் அலைந்துகொண்டிருந்தோம். அவர் கோவிந்தனின் தந்தையிடம் போய்க் காலியாகக் கிடந்த வண்டிக் கொட்டகையைக் கேட்டார். அவரும் உடனே கொடுத்தார்.

முதலில் பட்டணத்துப் பிள்ளைகள் வந்தோம். பிறகு ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருநாள் சேரியிலிருந்து அஞ்சலை வந்தாள். கூப்பிடாமல், தானாக வந்தாள். ஊரில் இருந்த போர்டு பள்ளிக்கூடத்தில் அவளை உள்ளே விடவில்லை. இங்கே வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இது பள்ளிக்கூடமா, மாட்டுக் கொட்டாயா?"

"ரெண்டும்தான். உள்ளே வா" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டும்னா செரி. ஒண்ணுல உட்லன்னாலும் இன்னொண்ணுல உடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு வந்து, சரசுவின் பாயில் உட்கார்ந்துகொண்டாள். சரசு, கோவிந்தனின் சித்தப்பா மகள். வாய் திறக்காத பெண். அஞ்சலை வந்த பிறகு அவளும் பேச ஆரம்பித்தாள்.

தெரியாத வாத்தியார்

எங்களுக்குப் புத்தகம் கிடையாது. கரும்பலகை கிடையாது. எழுத்துத் தெரியாதவர்களிலிருந்து என்னைப் போல ஹைஸ்கூலில் படித்தவர்கள் வரை எல்லாரும் ஒரே வகுப்பு. அதனாலோ, அல்லது முன்பே அவர் மனத்தில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததாலோ, என்ன படிப்பது என்பதை எங்களிடமே விட்டுவிட்டார் டீச்சரம்மா.

திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். எல்லாருக்கும் பிடித்த கேள்வி அந்த வாரப் பாடமாகும். ஏரி மதகு எப்படித் தண்ணீரை அடக்குகிறது என்று கோவிந்தன் கேட்ட வாரம் முழுக்க நாங்கள் மதகிலேயே கிடந்தோம். கயிற்றால் அளந்தோம், மணலில் கணக்குப் போட்டோம், அளந்ததையெல்லாம் சின்னவர்களுக்கு எழுத்தாக்கிக் காட்டினோம். கூட்டல் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். நான் முன்பு படித்த பள்ளியில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் பிரம்படி.

அஞ்சலை கேட்ட ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

"ரயிலு சத்தம் பகல்ல எங்கியோ தூரத்துல கேக்குது. ராவுல மட்டும் ஊட்டுக்குப் பின்னாலயே வர்ற மாதிரி கேக்குதே, அது இன்னாத்துக்கு?"

"எனக்குத் தெரியலையே அஞ்சலை."

"தெரியாதா? அப்போ அங்க எதுக்கு நின்னுகினு கீறீங்க? இங்க வந்து எங்ககூட குந்துங்க."

டீச்சரம்மா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். "இப்ப எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்" என்றார்.

அஞ்சலை பெரிய படிப்பாளி என்று சொல்ல மாட்டேன். எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு தடவையும் சரசுவின் முழங்கையை இடித்துக் கேட்பாள். ஆனால் அவள் வராத நாளில் அந்தக் கொட்டகை வெறும் கொட்டகையாக இருந்தது.

சபை

சனிக்கிழமைகளில் பாடம் இல்லை, சபை. பள்ளிக்கூடத்துக்கான விதிகளை நாங்களே போட்டோம். சண்டையை நாங்களே தீர்த்தோம். ஒருமுறை கோவிந்தன் ஒரு சின்னப் பையனை அடித்துவிட்டான். ஒரு வாரம் பள்ளிப் பானைக்கு அவனே தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று சபை சொன்னது. பெரிய வீட்டுப் பிள்ளை குடம் சுமந்து வருவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அவன் சிரித்துக்கொண்டேதான் சுமந்தான்.

சபையில் டீச்சரம்மாவுக்கும் ஒரே ஒரு கைதான். முடிவை அவரும் மாற்ற முடியாது. "நானே மாத்தலாம்னா அப்புறம் அது சபை இல்லை, விளையாட்டு" என்பார்.

ஆரம்பத்தில் கண்ணைத் திறந்தபடியேதான் கை தூக்கினோம். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினார்கள். அப்போது சரசுதான் மெல்லிய குரலில், "கண்ணை மூடிக்கினு தூக்கினா இன்னா?" என்று கேட்டாள். அது விதியாயிற்று. தலைவன் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவான். யார் எந்தப் பக்கம் தூக்கினார்கள் என்று பிறகு சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது.

எண்ணுகிறவன் பொய் சொன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. டீச்சரம்மாவுக்கும் தோன்றவில்லை.

மாதத்துக்கு ஒரு தலைவன். அந்த மாதம் நான்.

என் பழைய பள்ளியில் மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். நான் எப்போதும் முதல் பெஞ்சில் முதல் ஆள். இந்தக் கொட்டகையில் மார்க்கும் இல்லை, பெஞ்சும் இல்லை. எனக்குக் கிடைத்த ஒரே உயரம் அந்தத் தலைவர் பதவி. அதை நான் ரொம்ப இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் "விதி, விதி" என்று கத்துவேன்.

எருமை என்றால் எனக்குப் பயம். அஞ்சலைக்கு அது தெரியும். ஒருநாள் சபை நடக்கும்போது கொட்டகை ஓரமாக ஓர் எருமை தலையை நீட்டியது. நான் தாவி நகர்ந்துவிட்டேன்.

"தலைவரே, அது உன்னைத்தான் கேக்குது. உள்ள வரலாமான்னு விதியப் பாத்துச் சொல்லு" என்றாள் அஞ்சலை.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரித்தார். அன்று மாலை கோவிந்தன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "அடுத்த மாசம் அஞ்சலதாண்டா தலைவரு. இவன் வாணாம், ரோதனை."

அந்தச் சிரிப்பையும் இந்தப் பேச்சையும் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

ஒரு மனிதரின் வாக்கு

அந்த வாரம்தான் கோவிந்தனின் தந்தை கொட்டகைக்கு வந்தார். பள்ளிப் பானையில் அஞ்சலை தண்ணீர் மொண்டு குடிப்பதை யாரோ பார்த்து அவரிடம் சொல்லியிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மேல்துண்டை மடித்துப் பிடித்தபடி நின்றார். கோபமாகப் பேசவில்லை.

"அம்மா, நீங்க படிச்சவங்க. நான் சொல்றது ஊரு சொல்றது. அந்தப் பொண்ணு படிக்க வாணாம்னு நான் சொல்லல. வெளிய, அந்த வேப்ப மரத்தாண்ட குந்திகினு படிக்கட்டும். பானையத் தொட வாணாம்."

"இங்க முடிவு எடுக்கறது நான் இல்லீங்க. பிள்ளைங்க சபை" என்றார் டீச்சரம்மா. "அவங்க வெளியேன்னு சொன்னா நான் கேட்டுக்கறேன். உள்ளேன்னு சொன்னா நீங்க கேட்டுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "பசங்களா? என் புள்ளயும் அதுல கீறான், என் தம்பி பொண்ணும் கீறா. சொல்லட்டுமே. அவங்க வாயால உள்ள குந்தட்டும்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் இதப் பத்திப் பேசமாட்டேன். ஊருல எவனாவது பேசினாலும் நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்ன சொல் மாறாத மனிதர். அதை ஊரில் எல்லாரும் சொல்வார்கள்.

டீச்சரம்மாவின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. ஊரை நேராக எதிர்த்து வெல்ல முடியாது, பிள்ளைகளைக் கொண்டு வெல்லலாம் என்று நினைத்திருப்பார். ஒரு பெண்ணின் இடத்தை எங்கள் கைகளில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு எங்களை நம்பினார்.

நான் பார்த்தது, நான் சொன்னது

சனிக்கிழமை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நான் கேள்வியைப் படித்தேன். முதலில், வெளியே உட்காரட்டும் என்பவர்கள் தூக்க வேண்டும். பிறகு, உள்ளேயே இருக்கட்டும் என்பவர்கள். ஏதாவது ஒன்றுக்கு எல்லாரும் தூக்கியாக வேண்டும்.

"நானுமா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"விதிப்படி நீயும்தான்."

"எதுக்குத் தூக்கினா நான் இங்கியே குந்தலாம்? ரெண்டாவதுக்கா? மாத்திகீத்தித் தூக்கிடப்போறேன், செரியாச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டாவதுக்கு" என்றேன். அவள் தலையை முழங்காலில் கவிழ்த்தாள். சரசு அவள் பக்கத்தில் கவிழ்ந்தாள்.

"வெளியே" என்றேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. ஒரு கை பாதி எழுந்து இறங்கிவிட்டது.

"உள்ளே" என்றேன். முதலில் எழுந்தது சரசுவின் கை. கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்தது. பிறகு கோவிந்தன். தந்தை என்ன எதிர்பார்த்தார் என்று தெரிந்தும், கையை நன்றாக நிமிர்த்தித் தூக்கினான். பிறகு டீச்சரம்மா, அஞ்சலை, பட்டணத்துப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள். வரிசையாக, காற்றில் நாற்று நிமிர்வதுபோல அத்தனை கைகள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கொட்டகையில் அதைப் பார்த்தது நான் மட்டும்தான். அதன் பிறகு ஒரு கூட்டத்தில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தக் கைகள் எல்லாம் அடுத்த மாதம் அவளைத் தலைவராக்கப்போகும் கைகள் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. முன்கூட்டியே திட்டமிட்டேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை. வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. சாதி பார்ப்பவன் அல்ல நான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அது ஊரில் கிடந்தது. தேவைப்பட்டபோது கை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

"கண்ணைத் திறக்கலாம்" என்றேன். "சபையின் முடிவு, அஞ்சலை வெளியே உட்கார வேண்டும்."

ஒவ்வொருவரும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். சரசு எழுந்து நின்றாள். "நான்..." என்று ஆரம்பித்தாள்.

"விதி!" என்று கத்தினேன். "தூக்கினதைச் சொல்லக் கூடாது."

அவளே கொண்டுவந்த விதி. சரசு உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சலை எழுந்தாள். வட்டமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததாக நினைவில்லை. யார், யார் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கினு நல்லாத்தான் தூக்கிகீறீங்க" என்றாள். பிறகு டீச்சரம்மாவிடம், "வெளிய வெயிலு அடிக்குமே டீச்சரம்மா. மழ வந்தா இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

டீச்சரம்மா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அஞ்சலை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சேலைத் துண்டை உதறிக்கொண்டு, வேப்ப மரத்தைத் தாண்டி, சேரிப் பக்கம் நடந்தாள்.

கலைந்தது

அடுத்த நாள் சரசு, அஞ்சலை விட்டுப்போன சிலேட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு சேரி எல்லைவரை போனாள். ஊர்ப் பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "நான் உள்ளதான் தூக்கினேன்" என்று சொன்னாளாம். "எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க, போடி" என்றாளாம் அஞ்சலை. பலகையை வாங்கவில்லை.

பிள்ளைகள் விதியை மீறி ரகசியமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்களெல்லாம் உள்ளே என்றே சொன்னார்கள். அப்படியானால் யாரோ பொய் சொல்கிறார்கள். யார் என்பதில் சண்டை வந்தது. எண்ணியவனை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை போயிற்று.

டீச்சரம்மா சேரிக்குப் போய்க் கூப்பிட்டார். வீட்டிலேயே வந்து சொல்லித் தருகிறேன் என்றார். அஞ்சலை குடிசையை விட்டு வெளியே வரவில்லை. அவள் அம்மாதான் வந்து, "வாணாம்மா. உட்ருங்க. அது கூலிக்குப் போவுது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சபை கூடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமைக் கேள்விகள் நின்றன. டீச்சரம்மா பாட அட்டவணை ஒன்று எழுதி மாட்டினார். என்னைத் தலைவன் என்று யாரும் கூப்பிடவில்லை, தலைவன் என்று ஒருவன் தேவைப்படவும் இல்லை. குண்டு பயம் குறைந்து பட்டணத்துக்காரர்கள் திரும்பிப் போக, பள்ளிக்கூடம் தானாகவே கலைந்தது. அம்மா குழவியோடு வீடு திரும்பினாள்.

முதலில் போன இடம்

சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நாட்கள். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தியைச் சேர்க்கப் போன பள்ளியில், மேஜைக்குப் பின்னால் லோகாம்பாள் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பிரம்பு. புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க கையில எதையும் விடாதீங்க. நான் ஒருதரம் விட்டுப் பார்த்தவ. அதுங்க என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

அந்த ஆசிரியை போகும்வரை காத்திருந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்தார். காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிரம்பை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"இத்தனை வருஷமா அந்தப் பிள்ளைங்களைத் தப்பா நினைச்சிருக்கேன்" என்றார். பிறகு, "நீ பொய் சொன்னே. அது உன் தப்பு. ஆனா நிஜமாவே அவங்க வெளியேன்னு தூக்கியிருந்தாலும், நான் அவளைப் போகவிட்டிருக்கக் கூடாது. சபை முடிவுன்னு வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேனே, அது உன்மேல போடற தப்பு இல்லை. அது என்னோடது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது.

"அஞ்சலைகிட்ட சொன்னியா?"

"இல்லை."

"என்கிட்ட ஏன் முதல்ல வந்தே? இங்கே நாற்காலி போடுவாங்க, காபி கொடுப்பாங்கன்னா?"

எழுந்துவிட்டேன்.

ஜல்லி மேட்டில்

அஞ்சலை ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் ஜல்லி சுமந்துகொண்டிருந்தாள். பெண்கள் வரிசையாகக் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் கேட்டு அவளை ஓரமாக அழைத்தேன். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. புருவமெல்லாம் வெள்ளைத் தூசி.

"யாரு? அட, எருமைக்குப் பயந்த தலைவரா? இன்னாய்யா இந்தப் பக்கம்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி சொல்வது கடினமாக இருந்தது. சொன்னேன். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சரசு?"

"அவதான் முதல்ல தூக்கினா."

அஞ்சலை சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூந்தமல்லில குடுத்தாங்க அவளை. புள்ளப்பேத்துல பூட்டா. போன ஐப்பசில. பொணத்த வண்டில இங்க எடுத்துகினு வந்தாங்க. சேரிப் பொம்பளைங்கல்லாம் வேலியாண்ட நின்னு அழுதாங்க. நான் மட்டும் அழுவல. நம்மள வெளிய குந்தச் சொன்னவதான, எதுக்கு அழுவணும்னு நின்னுகினு இருந்தேன்."

பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. என்கிட்ட மட்டும் சொல்லிட்டு ரயிலேறிடலாம்னு பாக்கறியா? ஊருல வந்து சொல்லு."

அன்றைய அரை நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். கோவிந்தன் களத்துமேட்டில் இருந்தான். மீசை வைத்திருந்தான். தந்தையின் இடத்துக்கு அவன் வந்திருந்தான். சுற்றிலும் ஐந்தாறு ஆட்கள் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை களத்துக்கு வெளியே நின்றுகொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

எல்லாரும் கேட்கச் சொன்னேன். கோவிந்தன் முகம் மாறுவதைப் பார்த்தேன். ஒரு கணம் அந்தப் பழைய பையன் தெரிந்தான். பிறகு அவன் தன் ஆட்களைப் பார்த்தான்.

"நானா? அவளுக்கா? உள்ளன்னு தூக்கினேனா? இன்னா பேசற நீ? நான் தூக்கல."

"நீ தூக்கினே கோவிந்தா. நல்லா நிமிர்த்தித் தூக்கினே. நான் பார்த்தேன்."

"அன்னிக்கு நீ எண்ணிச் சொன்னது பொய்யின்னு இப்ப நீயே சொல்ற. இன்னிக்கு சொல்றது மட்டும் நெசம்னு எவன் நம்புவான்? போய்யா, போய் வேலையப் பாரு."

ஆட்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அஞ்சலைக்கு எல்லாம் கேட்டிருந்தது.

அவள் கேட்டுக்கொண்டது

நான் சொன்னதைக் கேட்டு டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கோவில்பதாகைக்குப் போக ஆரம்பித்தார். சேரியில் ஒரு பூவரச மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தார். அஞ்சலை வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். நானும் சில வாரங்கள் கூடப் போனேன். அஞ்சலை டீச்சரம்மாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பாள். கொஞ்சம் நிற்பாள். உட்கார மாட்டாள். "இந்தக் கையில இனி எழுத்து நிக்காது டீச்சரம்மா" என்று காய்ப்பு விழுந்த உள்ளங்கையைக் காட்டினாள். கேம்ப் விரிந்தபோது அந்தக் குடிசைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அதோடு அந்த வகுப்பும் முடிந்தது.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் ஒன்று கேட்டேன். அன்று கொட்டகையில் இருந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளைகளில் சிலரை எனக்குத் தெரியும். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து இங்கே அழைத்து வருகிறேன், அவர்கள் வாயாலேயே சொல்லட்டும் என்றேன். கோவிந்தன் சொன்னதை அப்படியாவது அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அஞ்சலை மோர்ச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாணாம், தலைவரே. அல்லாரும் எனக்குத்தான் தூக்கினாங்கன்னு நீ சொன்னியே, அது இப்ப என்கிட்ட கீது. நீ போய்க் கேட்டு, அவங்களும் கோவிந்தன் மாதிரி இல்லன்னுட்டா, அதுவும் பூடும். எவனையும் கேக்காதே."

நான் கேட்கவில்லை. அவள் இறந்து வெகுகாலம் ஆன பிறகும் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் அன்று அந்தக் கொட்டகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த யாராவது இருக்கலாம். இருந்தால், எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.